குடியானவர் வீடுகளில் நேரும் விபத்துக்கள்

நெசவாலைக்கும் இரும்பாலைக்கும் ஒரு வாயில் உண்டு. வேலைக்குரியவன் அதனுள்ளே போகிறான். அவனுடைய மனைவி மக்கள் வெளியே நின்றுவிடுகின்றனர். சங்கு ஊதியதும் யந்திரம் நிற்கிறது. தொழிலாளி வீடு திரும்புகிறான். குடியானவனுடைய தொழிற்சாலைக்கோ வாயிலும் இல்லை, சங்கும் இல்லை. அவன் கதிரடிக்கும் களத்திலேதான் குழந்தைகள் விளையாடுகின்றன. பம்பு ஓடும் தொட்டியிலேதான் வீட்டு ஸ்திரீகள் துணி துவைக்கின்றனர். பூச்சி மருந்துப் புட்டி வைத்த பரணின் கீழேதான் வயது முதிர்ந்த தாய் படுத்துறங்குகிறாள். ஆதலின், பண்ணையில் நேரும் விபத்து வேலைசெய்வோனை மட்டும் நாடி வருவதில்லை. கூலிக் கணக்கிலும் வேலையாள் கணக்கிலும் சேராத பிள்ளைகளையும் பெண்டிரையும் அது சமமாகவே தாக்குகின்றது.

சர்வதேசத் தொழில் ஸ்தாபனம், சுரங்க வேலை, கட்டட வேலை ஆகிய இரண்டோடு வேளாண்மையையும் சேர்த்து, மிகவும் அபாயகரமான மூன்று தொழில்களாகக் கணித்துள்ளது. பண்ணை வேலையின் பாதுகாப்புக்கென்றே 2001-ஆம் ஆண்டில் தனி உடன்படிக்கை ஒன்றையும் அது நிறைவேற்றியது. நம் கிராமங்களில் இதனை அறிந்தவர் மிகச் சிலரே. விபத்து நேர்ந்த வீட்டில் அதனை விதியென்று சொல்லி அமைந்துவிடுவது நெடுநாளைய வழக்கம். துக்கத்தில் ஆழ்ந்தோருக்கு அச்சொல் ஆறுதலளிக்குமாயின் அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் விபத்து நடந்த இடத்தை மறுநாட் காலையில் சென்று பார்ப்போருக்கு, முன்னரே கண்ணிற்பட்டிருக்கக்கூடிய காரணம் ஒன்று பெரும்பாலும் அங்கேயே கிடப்பது தெரியவரும். மூடாத துளை, காப்புக் கழற்றிய யந்திரம், பெயர்ச்சீட்டுக் கிழிந்த புட்டி, விளக்கில்லாத கொல்லை என்பனவே அவை.

முதலிற் கிணற்றை எடுத்துக்கொள்வோம். கவலை ஏற்றம் நடந்த நாளில் கிணற்றண்டை எப்பொழுதும் மாடும் ஆளும் இருந்தன. பம்பு வந்தபின் கிணறு தனித்துக் கிடக்கலாயிற்று. நீர்மட்டம் இறங்கி, ஆழ்துளை போட்டபின் பழைய கிணற்றை ஏறெடுத்துப் பார்ப்பாரும் இலர். சுற்றுச்சுவர் சரிந்து, ஓரத்தில் எருக்கும் கோரையும் மண்டி, வரப்பென்று எண்ணி ஒருவன் காலை வைக்கும்படி அது ஏமாற்றிக்கொண்டு நிற்கிறது. இரவில் மடை பார்க்கப் போகிறவன், பட்டத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்புறமாக ஓடும் சிறுவன், கன்றைத் துரத்திச் செல்லும் பெண் ஆகிய எவரும் அதற்கு இலக்காகலாம். இடுப்பளவு சுவர் எழுப்ப இயலாதவர் முள்வேலியாவது இடுதல் வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்றின் கதை இதனினும் கொடிது. பெரியவர் கால் நுழையும் அளவே உடைய துளை ஆதலால், அதில் அபாயம் உண்டென்று பெரியவருக்குத் தோன்றுவதில்லை. இரண்டு வயதுக் குழந்தையின் தோளுக்கு அத்துளை போதுமானது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 25 மாலை, வீட்டருகே விளையாடிக்கொண்டிருந்த குழந்தையொன்று பயனின்றிக் கிடந்த துளைக்குள் வீழ்ந்தது. பக்கத்தில் மற்றொரு குழி தோண்டி மீட்க முயன்றபோது பாறை தடுத்தது. நாடு முழுவதும் கண்விழித்துக் காத்திருந்தும், 29-ஆம் தேதி விடியற்காலையில் உடலையே எடுக்க முடிந்தது.

இத்தகைய விபத்துக்களைத் தடுக்கும்பொருட்டு உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டிலேயே விதிமுறைகளை வகுத்துவிட்டது. துளையிடுவதற்குப் பதினைந்து நாள் முன்னதாக நிலச் சொந்தக்காரர் எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். வேலை நடக்கும்போது முள்வேலியும் அறிவிப்புப் பலகையும் வைத்தல் வேண்டும். கேசிங் குழாயைச் சுற்றி நீள அகலம் 50 சென்டிமீட்டர் உள்ள சிமெண்டு மேடையை, தரைக்குமேல் 30 சென்டிமீட்டரும் தரைக்குள் 30 சென்டிமீட்டரும் இருக்கும்படி கட்டுதல் வேண்டும். குழாயின் வாயை இரும்புத் தகட்டால் திருகாணி கொண்டு மூடுதல் வேண்டும். பழுது பார்ப்பதற்காக மோட்டாரை மேலே எடுத்த நாளிலும் துளையைத் திறந்து போடலாகாது. கைவிட்ட துளையை அடிமுதல் தரைமட்டம் வரை மண், மணல், கல் முதலியவற்றால் நிரப்பிவிடுதல் வேண்டும். கிராமங்களில் இதனைக் கண்காணிக்கும் பொறுப்பு ஊராட்சித் தலைவருக்கும் வேளாண்மைத் துறை அலுவலருக்கும் உரியதென்று அவ்விதிமுறைகளிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டிலும் 2015-ஆம் ஆண்டில் ஊராட்சிகளுக்கெனத் தனி விதிகள் வெளிவந்தன. கோணிச் சாக்கைத் திணித்து மேலே மண்ணைத் தள்ளிவிடுவது மூடுவதாகாது. ஒரு மழைக்காலத்தில் சாக்கு மக்கி, மண் கீழே இறங்கி, மேலே புல் மூடிய பொறியாக அது மாறிவிடும். திறந்த துளையைக் கண்டவன் விலகியாவது போவான். இதனைக் காண்பதற்கே வழியில்லை.

நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் இறங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதனுள் பிராணவாயு குறைந்து கரியமிலவாயு தங்கியிருக்கலாம்; கிணற்றுக்குள் எண்ணெய் என்ஜினை இறக்கி ஓட்டியிருந்தால் அதன் புகையிலுள்ள நச்சுவாயுவும் இருக்கலாம். முன்னே இறங்கியவன் மயங்கி விழ, அவனைத் தூக்க இறங்கிய தம்பியும், தம்பியைத் தேடி இறங்கிய அண்டை வீட்டாரும் ஒருவர்பின் ஒருவராக மாய்வதே இவ்விபத்தின் இயல்பு. எரியும் விளக்கைக் கயிற்றிற் கட்டி இறக்கிப் பார்ப்பது முன்னோர் முறை. விளக்கு அணைந்தால் இறங்கலாகாது என்பது மெய்யே. ஆனால் அணையாவிடில் அபாயமில்லை என்று கொள்வது தவறு. என்ஜின் புகையின் நச்சுவாயு விளக்கை அணைப்பதில்லை. சாக்கடை வாயு போன்ற சில வாயுக்கள் விளக்கினால் தீப்பற்றவும் கூடும். விழுந்தவனை மீட்கத் தீயணைப்புப் படையினரை அழைத்தலே வழி. மேலேயிருந்து காற்றைச் செலுத்தாமலும், இடுப்பிற் கயிறின்றியும் எவரும் இறங்குதல் கூடாது.

பம்பு செட்டின் மின்சாரத்தைப் பற்றி அநேகமாக எல்லாரும் அறிவர். அறிந்தும் எர்த் கம்பியை அறுந்தபடியே விட்டுவைப்பர். ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொடுவதும், பியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றுவதும் குடியானவர் தாமே செய்துகொள்ளும் தீங்குகள். காட்டுப்பன்றிக்காக வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதோ பிறர்க்குச் செய்யும் தீங்கு. சட்டத்துக்கு விரோதமான அவ்வேலியில் அகப்படுவோர் பெரும்பாலும் விடியற்காலையில் அவ்வழியே நடக்கும் அடுத்த நிலத்துக்காரரும் கூலியாட்களுமே.

இனி, களத்து யந்திரங்கள். வட இந்தியாவில் கோதுமை பெருகி, கதிரடிக்கும் விசை யந்திரங்கள் ஊர்தோறும் பரவிய காலத்தில், கதிரை ஊட்டும்போது கையும் உடன் சென்று முழங்கை வரை இழந்தவர் பலர். அதன் பயனாகவே 1983-ஆம் ஆண்டில் அபாயகரமான யந்திரங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் மத்திய அரசாங்கத்தால் இயற்றப்பட்டது. கதிர் ஊட்டும் வாய் 90 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நீண்டிருக்க வேண்டும் என்பதும், அதில் உட்புறத்து 45 சென்டிமீட்டர் மேலே மூடியிருக்க வேண்டும் என்பதும் இவ்வகை யந்திரங்களுக்கு வகுத்த தரம். மனிதன் கையின் நீளத்தை அளந்து இட்ட கணக்கு இது. வேலை விரைவாக நடக்கவேண்டும் என்று அந்த மூடியைக் கழற்றி எறிந்துவிடும் யந்திரக்காரர் எங்கும் உண்டு. வாடகைக்கு யந்திரம் அழைக்கும் நிலக்காரர், மணிக்கு எவ்வளவு என்று கேட்பதோடு வாயின் நீளத்தையும் முழம் போட்டுப் பார்த்தல் நலம்.

டிராக்டரிலிருந்து யந்திரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டு நிமிஷத்துக்கு 540 முறை சுழல்வது. அஃதாவது நொடிக்கு 9 சுற்று. காப்புக்குழாய் இல்லாத தண்டில் புடவைத் தலைப்போ, தோளில் இட்ட துண்டோ சிக்கினால், ஒரே நொடியில் ஏறக்குறைய மூன்று முழத் துணி அதன்மேற் சுருண்டுவிடும். ‘இழுத்துக்கொள்ளலாம்’ என்று நினைப்பதற்கே அவகாசமில்லை. வேட்டியை மடித்துக் கட்டுவதும், தலைப்பை இடுப்பிற் செருகுவதும், கூந்தலைச் சுற்றி முடிவதும் இவ்விடத்தில் உயிரைக் காக்கும் காரியங்கள். கரும்பாலையிலும், தட்டை நறுக்கும் கருவியிலும் விரல்கள் போவதும் இவ்வாறே. அந்தியில், ‘இன்னும் நாலு கட்டுத்தானே’ என்று களைத்த கையோடு செய்யும் வேலையில் எச்சரிக்கை தளர்ந்துவிடுகிறது.

துண்டான விரலைச் சிலர் துக்கத்தில் எறிந்துவிடுகின்றனர். சிலர் பனிக்கட்டிக்குள் நேரே புதைக்கின்றனர். இரண்டும் பிழை. அதனை ஈரமான தூய துணியிற் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி இட்ட நீரில் வைத்துக் காயப்பட்டவரோடு அனுப்பினால், பெரிய ஆஸ்பத்திரியில் மீண்டும் பொருத்த இயலும். குருதி வடியும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்து உயர்த்தி வைத்தலே முதற் சிகிச்சை. காப்பித்தூள், சுண்ணாம்பு, சாணம் முதலியவற்றை அப்புவதால் தீமையே விளையும். சாணம் படிந்த மண்ணில் இரணஜன்னிக் கிருமி நெடுங்காலம் உயிரோடிருக்கும் ஆதலால், அரிவாள் வெட்டாயினும் ஆணி குத்தாயினும் உரிய ஊசியைப் போட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

டிராக்டரில் ஓட்டுபவருக்கு ஒரே ஆசனம்தான் இருக்கிறது. பக்கத்து மட்கார்டின்மேல் மகனையும் மருமகனையும் ஏற்றிச் செல்வது பெருமையாகக் கருதப்படுகிறது. பின்னே சுழற்கலப்பை ஓடுகிறது என்பதை யாரும் நினைப்பதில்லை. வாய்க்காற்கரையில் டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுபவரை நசுக்காமற் காக்கும் இரும்புச் சட்டத்தைப் புதிய டிராக்டர்களிற் கட்டாயமாக்கிய தேசம் ஸ்வீடன். அது நடந்தது 1959-ஆம் ஆண்டில்.

பயிருக்கு மருந்தடிப்பதில் நேரும் அபாயம் கண்ணுக்குத் தெரியாதது. அதனால் அஞ்சுவாரும் குறைவு. 2017-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தபோது நஞ்சேறி இருபது பேருக்கு மேல் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பட்டனர். பருத்தி ஆளுயரம் வளர்ந்திருக்க, தெளித்த மருந்து முகத்திலும் மார்பிலும் படிந்தது. இரண்டு மூன்று மருந்துகளைத் தம் எண்ணப்படி கலந்தவரும் உளர். இம்மருந்துகள் வாய்வழியே மட்டுமின்றித் தோல்வழியேயும் உடலில் ஏறும். நனைந்த சட்டையை மாலை வரை உடுத்திருப்பவன், நாள் முழுதும் சிறிது சிறிதாக நஞ்சை உண்பவனேயாவான். அச்சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கும் மனைவிக்கும், அவனை ஓடிவந்து கட்டிக்கொள்ளும் குழந்தைக்கும் அதிற் பங்கு உண்டு.

புட்டியின்மேல் அச்சிட்டுள்ள முக்கோண நிறத்தைப் படிப்பறியாதவரும் அறியலாம். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், நீலமும் பச்சையும் படிப்படியாகக் குறைந்தவை. பச்சையென்று கண்டு கையாற் கலக்கலாம் என்பது பொருளன்று. அடைத்த தெளிகுழலின் முனையை வாயால் ஊதுவதும், காற்றுக்கு எதிராக நின்று தெளிப்பதும் நாடோறும் காணும் காட்சிகள். எஞ்சிய மருந்தைச் சோடாப் புட்டியிலோ சர்பத்துப் புட்டியிலோ ஊற்றி அடுக்களைப் பரணில் வைப்பது எல்லாவற்றினும் கொடிது. வெயிலில் விளையாடி வந்த சிறுவன் அதனை எடுத்துக் குடிப்பான். அவன்மேற் பிழை சொல்ல எவருக்கும் வாயில்லை. மருந்தை அதற்குரிய புட்டியிலேயே, பூட்டிய பெட்டியில், வீட்டுக்குப் புறம்பே வைத்தல் வேண்டும். வாயில் நீர் வடிதல், மிகுந்த வியர்வை, கண்ணின் பாவை ஊசிமுனைபோற் சுருங்குதல், தசை துடித்தல் ஆகிய குறிகள் கண்டால், ஆடையைக் களைந்து உடம்பைச் சோப்பிட்டுக் கழுவி, மருந்துப் புட்டியையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோதல் வேண்டும். உப்புநீர் கொடுத்து வாந்தி எடுப்பிக்க முயல்வதால், நஞ்சு மூச்சுக்குழலிற் புகுந்து மரணம் விரைவதும் உண்டு.

இத்தனைக்கும் மேலாகக் குடியானவர் குடும்பங்களில் உயிர் கொள்வது பாம்புக்கடி. 2000 முதல் 2019 வரையுள்ள இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்பு கடித்து இறந்தனர் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களிற் பெரும்பாலோர் கிராமவாசிகள். பாதிப்பேர் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழை மாதங்களில் மடிந்தனர். உலக சுகாதார ஸ்தாபனம் 2017-ஆம் ஆண்டில் இதனைக் கவனிப்பாரற்ற நோய்களின் பட்டியலிற் சேர்த்தது.

நாகம், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், கட்டுவிரியன் என்னும் நான்கே பெரும்பாலான மரணங்களுக்குக் காரணமானவை. முதல் மூன்றும் பெரும்பாலும் வயலிலும் வரப்பிலும் எதிர்ப்படுவன. கால் மூடும் செருப்பும், கைவிளக்கும், புல்லை முதலில் தடியால் தட்டிவிட்டுக் கைவைக்கும் வழக்கமும் அவற்றினின்று காக்கும். கட்டுவிரியனோ இரவில் வீட்டுக்குள் வருவது. தரையிற் பாய் விரித்துத் துயில்வோரை அது கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் அநேகமாக இரா. விடியற்காலையில் வயிற்றுவலி என்று குழந்தை அழும், இமை தொங்கும், பேச்சுக் குழறும். அஜீரணமென்று எண்ணிக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு அடங்கிவிடும். தரையிற் படுத்தவர்க்கு மழைநாளில் காரணம் தெரியாத வயிற்றுவலியும் இமைத்தொங்கலும் கண்டால், வேறு நிச்சயப்படும் வரை அதனைப் பாம்புக்கடியென்றே கொள்ளுதல் வேண்டும். கட்டிலிற் படுப்பதும், கொசுவலையின் ஓரத்தைப் படுக்கையின் கீழ்ச் செருகிக்கொள்வதும் இதற்கு நல்ல தடுப்பு. நேபாளத்துச் சமவெளிக் கிராமங்களில் நடந்த ஆராய்ச்சியொன்றில், கொசுவலைக்குள் துயில்வோருக்குப் பாம்புக்கடி குறைவாயிருப்பது தெரியவந்தது. தானியம் எலியை அழைக்கும். எலி பாம்பை அழைக்கும். ஆகையால் நெல் மூட்டையும் விறகுக் குவியலும் படுக்கையறையிலிருந்து விலகியிருத்தல் நலம்.

கடிபட்ட இடத்தைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் கூடா. இறுகக் கட்டிய கால் அழுகி, உயிர் பிழைத்தும் காலிழந்தவர் உண்டு. மோதிரம், கொலுசு, மெட்டி முதலியவற்றைக் கழற்றி, கடிபட்ட அவயவத்தை மூங்கிற்பட்டை வைத்து அசையாமற் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுதல் வேண்டும். மேற்சொன்ன நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் ஒரே முறிமருந்து இந்நாட்டில் செய்யப்படுகிறது. அதற்கு வேண்டிய நஞ்சைச் செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் 1978-ஆம் ஆண்டில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் நெடுங்காலமாக எடுத்துக் கொடுத்து வருகின்றனர். மந்திரிப்பவரிடம் சென்று நெடுநேரம் கழித்தபின் ஆஸ்பத்திரிக்கு வருவோரை அம்மருந்தாலும் காப்பது அரிது.

மருந்து இருக்கும் இடத்துக்கு விரைந்து போய்ச் சேர்வதே இங்குப் பெருங்காரியம் என்பதற்கு நேபாளத்திலிருந்து மற்றொரு சான்றும் உண்டு. தமக் என்னும் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் மோட்டார் சைக்கிள் உடைய சிலர், கடிபட்டவரை எந்நேரத்திலும் நடுவிலே அமர்த்திப் பின்னே ஒருவர் பிடித்துக்கொள்ளச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோக ஒப்புக்கொண்டனர். செய்யத் தக்கதும் தகாததும் வீடுதோறும் சொல்லப்பட்டன. கடிபட்டோரில் நூற்றுக்கு 10.5 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில், அதன்பின் இறந்தவர் நூற்றுக்கு 0.5 பேரே. புதிய மருந்து ஒன்றும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. நம் கிராமங்களில் 108 வண்டி உண்டு. அது வருவதற்கு நேரமாகும் ஒதுக்குப்புறங்களில், இரவில் வண்டி கொடுக்க இசைபவர் யார், முறிமருந்து எந்த ஆஸ்பத்திரியில் எப்பொழுதும் இருக்கிறது என்னும் இரண்டையும் கிராம நிர்வாக அலுவலர் மழைக்காலத்துக்கு முன்னரே விசாரித்து, பஞ்சாயத்துக் கட்டடச் சுவரில் எழுதிவைக்கலாம். 2024-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசாங்கம், பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கவேண்டியவற்றுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. ஆகவே எந்த ஊரில் எத்தனை பேர் என்னும் கணக்கு இனி ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கை இழந்த குடியானவர் வீட்டில் முதலில் மாடு விற்கப்படுகிறது. பின்னர் நிலம் ஈடுவைக்கப்படுகிறது. அதன்பின் பிள்ளையின் படிப்பு நிற்கிறது. சிறு குறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளரும் விபத்தில் இறந்தாலும் உறுப்பிழந்தாலும் உதவித்தொகை வழங்குவதற்கென 2011-ஆம் ஆண்டில் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் ஏற்பட்டது. உறுப்பினராகப் பதிந்துகொள்ளாமையால் அதனை இழந்த குடும்பங்கள் பல. விபத்தில் இறந்தோர் பொருட்டு உதவி கோரும்போது காவல் நிலையப் பதிவும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேட்கப்படுகின்றன. பாம்பு கடித்தோ கிணற்றில் வீழ்ந்தோ இறந்தவரை, துக்கத்திலும் பிரேதத்தை அறுப்பார்களே என்னும் அச்சத்திலும் அன்று மாலையே அடக்கம் செய்துவிடும் வீட்டாருக்கு, பின்னர் எத்தனை முறை தாலுக்கா கச்சேரிக்கு நடந்தாலும் மெய்ப்பிக்க வழியிராது. அவ்வேளையில் அவ்வீட்டுக்கு முதலிற் செல்லும் கிராம அதிகாரி, ஆறுதல் சொல்வதோடு இதனையும் பக்குவமாக எடுத்துச் சொல்லி, காவல் நிலையத்துக்குத் தாமே செய்தி அனுப்பிவிடுதல் வேண்டும்.